காணாமல் போன ஏழு கைக்குட்டைகள்

ஆகஸ்ட் பதினேழு, சனிக்கிழமை. காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. மேற்கிலிருந்து காற்று, அதில் மணலிப் பக்கத்துக் கேஸ் வாடை. தூறல் விழுந்தது. நான்கு நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தத் தொடரில் இதுவரை நான் தேதி சொன்னதில்லை. 'அந்த நாளில்', 'ஒரு மழைக்காலத்தில்' என்றே ஓட்டி வந்திருக்கிறேன். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் டாலி கிளார்க்காக இருந்தவன், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எண்ணியே நரைத்தவன், தேதி சொல்லாமல் எழுதுவது வேடிக்கைதான். ஆனால் இந்த ஒரு காலைக்குத் தேதி வேண்டும். மணி வேண்டும். காற்று எந்தத் திசை என்பதும் வேண்டும்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு நாற்பத்திரண்டு படி. எழுபத்தொரு வயதில் அதை ஏறியது, கொடியில் கிடந்த துணி நனையக் கூடாது என்பதற்காக. மொத்தம் பதினெட்டு உருப்படி. கைலி மூன்று, என் பனியன் நான்கு, மகளின் சுடிதார் இரண்டு, இப்படியாகப் பதினாறு வரை எடுத்துவிட்டேன். பதினேழாவது, என் மனைவியின் பாவாடை. அதைத் தூக்கினால் அடியில், யார் கண்ணிலும் படாதபடி இரண்டு கிளிப் போட்டு, என் கைக்குட்டை.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? 'மாட்டிக்கொண்டாயா' என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒரு டஜன்

அந்தக் கைக்குட்டைகளின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

முந்தின வருடம், நவம்பர் இரண்டாம் தேதிக் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு எம்.சி. ரோட்டில் ஒரு டஜன் வாங்கினேன். வெள்ளை, ஓரத்தில் நீலக் கோடு, நல்ல பருத்தி. முன்னூற்று அறுபது ரூபாய். ஒன்று முப்பது. கிறிஸ்துமஸுக்குள் பதினொன்று ஆனது. பொங்கலுக்குப் பத்து. மார்ச் கடைசியில் தவக்காலம் முடிவதற்குள் எட்டு. ஆகஸ்டில் அலமாரியில் இருந்தவை ஐந்து.

பக்கத்து வீட்டைச் சந்தேகித்தேன். மகள் ஜெனியைக் கேட்டேன். காக்கையைக்கூட விடவில்லை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அது கட்டியிருந்த கூட்டைக் குச்சியால் கலைத்துப் பார்த்தேன். இரண்டு ஹேங்கர் கம்பிகள் கிடைத்தன.

என் மனைவி பிலோமினாவிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன்? முப்பதுக்குக் குறையாது. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "காத்துல பறந்திருக்கும்."

இப்போது பறக்காத ஒன்று என் கையில். விரித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு வட்டம். பழைய எட்டணாக் காசு அகலம். பழுப்பு. துவைத்தும் போகாத பழுப்பு.

மிஷின் எண்ணெய் என்று நினைத்தேன். நாற்பத்திரண்டு படியும் இறங்கி வந்ததற்குக் காரணம், அந்த எண்ணெய்க்காகச் சண்டை போடுவதுதான்.

திரைக்கு வெளியே நான்

மிஷின் என்றது தையல் மிஷின். பிலோ ஜாக்கெட் தைப்பவள். எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலும் அவள் தைக்காத ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன பெண் குறைவு.

முன்னறையில் குறுக்கே ஒரு திரை. உள்ளே அவள் டேப்பைப் பிடித்து அளவைச் சொல்வாள். வெளியே நான் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவேன். பணி ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது. "தோள் பதினாலு. கை ஒம்போது. செஸ்ட்டு முப்பத்தாறு." பெயர், தேதி, அளவு. என் கையெழுத்தில் இருநூற்றுப் பதினான்கு பெண்களின் அளவு இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். தோளும் கையும் இடுப்பும் தமிழில். அது ஒன்று மட்டும் 'செஸ்ட்டு'. நாற்பது வருடம் அவள் அதை இங்கிலீஷில்தான் அளந்தாள். நானும் இங்கிலீஷில்தான் எழுதினேன்.

இந்த அத்தியாயத்தை அனுப்பியபோது பத்திரிகையிலிருந்து ஒரு தம்பி மரியாதையாகப் போன் செய்தார். "சார், சில இடத்துல 'கட்டி'ன்னு மட்டும் போட்டுக்கலாமா? குடும்பத்தோட படிக்கிற பத்திரிகை." குடும்பத்தோடு படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் தம்பி எழுதுகிறேன். மார்பு. மார்பில் புற்றுநோய். என் மனைவியின் இடது மார்பில். ஒரு எழுத்தையும் வெட்டாமல் போடுவதானால் போடுங்கள், இல்லையென்றால் தொடரையே நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். போட்டிருக்கிறார்கள். நன்றி.

"கதவ சாத்திட்டு வா"

நான் இறங்கி வந்தபோது அவள் ஜெனியின் கல்யாண ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு இருபத்தைந்து நாள். ஜெனி திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்க்கிறவள். அன்று காலை ஷிப்டுக்கு ஐந்தரைக்கே கிளம்பிவிட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"இத்த பாரு. பாவாடைக்கு அடியில கீது. காத்து கொண்டாந்து கிளிப்பு போட்டுச்சா?"

அவள் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. "நான்தான் தொவச்சிப் போட்டேன்."

"மீதி ஆறு?"

"அஞ்சு, வெட்டுத் துணி மூட்டைக்குள்ள கீது. ஒண்ணு..." இடது கையால் தன் ஜாக்கெட்டைத் தொட்டாள். "இங்க கீது."

எனக்குப் புரியவில்லை. புரியாததால் இன்னும் சத்தமாகக் கேட்டேன். "இன்னா கறை இது? எண்ணெயா?"

மிஷின் நின்றது. "கதவ சாத்திட்டு வா."

சாத்திவிட்டு வந்தேன். அவள் காட்டினாள். நான் பார்த்ததை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, அதிலிருந்து கசிந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். படிக்கிற பெண்களுக்கு அது தெரிய வேண்டும்.

"எத்தினி நாளா?"

"கல்லறத் திருநா கயிச்சி."

"ஒம்போது மாசம்!"

"போட்டுட்டியா கணக்கு? அதான பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"வலிச்சா சொல்லியிருப்பேன். வலிக்கல. சின்ன நெல்லிக்கா மாரி உருண்டுகினு இருந்துச்சு. தொட்டா நவுரும். வயசான சதைன்னு விட்டேன். அப்பால நவுரல. அப்பால இது வர ஆரம்பிச்சுது."

என் வாயிலிருந்து அடுத்து வந்த கேள்வியை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறையத் தோன்றும். "என் கர்ச்சீப்பு எதுக்கு? மூட்ட மூட்டயா வெட்டுத் துணி கீதே?"

அவள் கோபப்படவில்லை. பாடம் சொல்வது போலச் சொன்னாள். "அதெல்லாம் கலரு. தெனம் இன்னா வருதுன்னு நான் பாக்க வாணாமா? வெள்ளைலதான் தெரியும். மொதல்ல தண்ணி. அப்பால மஞ்ச. சித்திரைலேந்து இந்தக் கலரு."

ஆக, அந்த வீட்டில் இன்னொரு கணக்கும் நடந்திருக்கிறது. அது எனக்குத் தெரியவில்லை.

"ஒரு நாளு சொல்லிர்லாம்னுதான் வாயத் தொறந்தேன், ஜெனிப்பா. நீ 'கர்ச்சீப்பு ஒண்ணு கொறயுது'ன்னு வந்து நின்ன. இதான் சமயம்னு பாத்தா, அதுக்குள்ள நீ வெல சொல்லிட்ட. முப்பது ரூபான்னு. நான் வாய மூடிக்கினேன்."

பூட்டிய புத்தகம்

எங்கள் துறைமுக ஆஸ்பத்திரியில், ஓய்வுபெற்றவர்களுக்கும் மனைவிக்கும் வைத்தியம் இலவசம். மெடிக்கல் புத்தகம் ஒன்று உண்டு. அதைக் கொண்டுபோனால் போதும், சீட்டு முதல் ஆபரேஷன் வரை. நல்ல ஏற்பாடு. அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

குறை அதை நான் வைத்திருந்த விதத்தில். பீரோவில், லாக்கரில், பூட்டி. சாவி என் இடுப்பில். கேட்டால் எடுத்துத் தருவேன். ஆனால் கேட்க வேண்டும். கேட்டால் 'எதற்கு' என்பேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நானே கோடு போட்டு வைத்திருந்தேன்: தேதி, யார், என்ன உபாதை, என்ன மருந்து. என் பக்கம் நிரம்பி வழிந்தது. பிரஷர், முட்டி, தூக்கமின்மை, மறுபடி முட்டி. பிலோவின் பெயர் பதினோரு வருடத்தில் இரண்டே இடத்தில். கண்ணாடிக்கு ஒன்று. நாய் பிராண்டியதற்கு ஒன்று.

"அந்தக் கட்டத்துல இன்னான்னு எழுதுவ?" என்று கேட்டாள். "நீ எழுதறத ஜெனி பாப்பா. உங்கக்கா புள்ளைங்க வந்தா பாப்பாங்க. அப்பால போயி ஆம்பள டாக்டரு முன்னாடி நிக்கணும். நீ வெளில ஒக்காந்து மணி பாத்துக்கினு இருப்ப."

நான் அப்படிச் செய்பவன் இல்லை என்று சொல்ல முடியாது. அப்போதுகூட மணி பார்த்திருந்தேன். ஆறு இருபது.

எங்கள் வீட்டில் இந்த நோய் புதியதும் அல்ல. என் அக்கா மரியசெல்வி, எனக்கு ஒன்பது வயது மூத்தவள், எண்ணூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு 'சளி' என்றார்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று ஒரு வருடம் சொன்னார்கள். கடைசி மாதம் அவள் அறையில் எந்நேரமும் சாம்பிராணி போட்டார்கள். சளிக்கு எதற்குச் சாம்பிராணி என்று ஒருவரும் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். ஆறு பேருக்கும் தெரியும். கல்லறையில் நின்றுகொண்டு ஆறு பேரும் சளியைத்தான் திட்டினோம்.

அந்த அக்காவின் சாவுக்கு வந்து, குளிப்பாட்டி, துணி மாற்றியவள் பிலோ. புதுப் பெண்டாட்டி. அவள் அன்று என்ன பார்த்தாள் என்று எத்தனையோ வருடமாக நான் கேட்டதில்லை.

இருபத்தைந்து நாள்

"இப்பவே கெளம்பு," என்றேன். லாக்கரைத் திறந்து புத்தகத்தை எடுத்து மிஷின் மேல் வைத்தேன்.

அவள் அதை நகர்த்திவிட்டு ஜாக்கெட்டை எடுத்தாள். "கல்யாணம் முடியட்டும்."

"பைத்தியமா உனக்கு?"

"பைத்தியந்தான். இருவத்தொம்போது வயசுல அமஞ்சிருக்கு அவளுக்கு. இது வெளில தெரிஞ்சா இன்னா சொல்வாங்க? தாயிக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்பாங்க. நாளைக்கி மொத ஓல. அப்பால ரெண்டு ஓல. அப்பால கல்யாணம். ஒம்போது மாசம் இருந்தது, இருவத்தஞ்சு நாளு இருக்காதா?"

மற்ற வாசகர்களுக்காக: எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு 'ஓலை' வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாரும், இன்னார் மகள் இன்னாரும் மணம் செய்யப்போகிறார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லவும். அவ்வளவுதான். மூன்றாவது ஓலை முடிந்தால் பெண் வீட்டுக்காரர்களுக்கு மூச்சு வரும்.

ஜெனிக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். செய்தேன். மறுநாள் காலைப் பூசையில், முதல் ஓலை வாசிக்கப்பட்டபோது, ஜெனி குனிந்து சிரித்தாள். பிலோ நிமிர்ந்து நின்றாள். தடை அறிந்தவர்கள் சொல்லவும் என்று சாமியார் சொன்னபோது எனக்கு வியர்த்தது. கோயிலில் பதினாறு மின்விசிறி. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்தைந்திலிருந்து ஒன்று போய் இருபத்து நான்கு. கப்பலில் மூட்டை கிழிந்திருந்தால் கொக்கியில் மாட்டும்போதே கத்த வேண்டும். லாரி ஏறிய பிறகு கத்தினால் யாரும் கேட்கமாட்டார்கள். முப்பத்தைந்து வருடம் கத்தியவன் நான். இப்போது என் வாயைக் கட்டிவிட்டு ஒருத்தி பக்கத்தில் 'எங்கள் தந்தையே' சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பூசை முடிந்து பிலோவும் ஜெனியும் முன்னால் போனார்கள். கோயில் கேட்டில் ஸ்டெல்லா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டெல்லா

ஸ்டெல்லா, மாப்பிள்ளையின் தாய். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து விற்பவள். புருஷன் இல்லை. இரண்டு தெரு தள்ளிப் பேசினாலும் கேட்கிற தொண்டை.

"இன்னா சம்பந்தி, மொத ஓலைக்கே கண்ணு கலங்கிக்கினு நிக்கிற? பொண்ணு எங்க போவுது, ரெண்டு தெரு தள்ளி வருது. தெனம் வந்து எண்ணிட்டுப் போ, கொறயுதான்னு."

நான் சிரிக்கவில்லை. சத்தியத்தை மீறிச் சொல்லிவிட்டேன். செருப்புகளைத் தேடுகிற கூட்டத்துக்கு நடுவில், நான்கே வாக்கியத்தில்.

அவள் முகம் மாறியது. கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"இடது."

"வூட்டுக்குப் போ. சாயங்காலம் வரேன்."

நாலரைக்கு வந்தாள். கையில் பை, பையில் வஞ்சிரம். பிலோவுக்கு அவள் நடையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு பதினோரு நாள் அவள் என்னோடு பேசவில்லை. எண்ணியிருக்கிறேன்.

"இன்னாடி," என்றாள் ஸ்டெல்லா, மீனைச் சமையலறையில் வைத்துவிட்டு. "எம் புள்ள ஒன் பொண்ணக் கட்டிக்கிறானா, இல்ல ஒன் மாரக் கட்டிக்கிறானா?"

ஜெனி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் அழுததையும் தாயைத் திட்டியதையும் நான் எழுதப்போவதில்லை.

பிலோ மெதுவாகச் சொன்னாள். "கல்யாணம் முடியட்டும்னுதான் அண்ணி..."

"முடியட்டும், முடியட்டும்! என்கூட ஏலம் எடுத்துக்கினு இருந்தா ஒருத்தி. ஐஸுப் பொட்டிய மார்ல அண்டக் குடுத்துத் தூக்குனதுல வந்த வீக்கம்னு சொல்லிக்கினே இருந்தா. சீசன் முடியட்டும்னா. தடைக்காலம் வரட்டும்னா. தடைக்காலமும் வந்துச்சு. போட்டெல்லாம் கரைல நின்னுச்சு. அவ கெளம்பிட்டா." ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்தாள். "இப்ப கேட்டுக்கோ. நாளைக்கிக் காலைல நீ ஆஸ்பத்திரிக்குப் போற. போவலன்னா அடுத்த ஞாயித்துக்கெயம ரெண்டாவது ஓல கெடையாது. நானே சாமியார்கிட்ட போயி நிறுத்திருவேன். தடை கீதுன்னு சொல்லுவேன். இன்னா தடைன்னா, பொண்ணோட ஆத்தாக்காரி முட்டாள்னு சொல்லுவேன்."

ஒன்பது மாதம் எதற்குப் பயந்து பிலோ ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருந்தாளோ, அதையே கையில் எடுத்துக்கொண்டு ஸ்டெல்லா அவளை ஆஸ்பத்திரிக்குத் துரத்தினாள். இந்த யோசனை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வந்திருக்காது.

பிலோ எழுந்து சமையலறைக்குப் போய் மீன் பையைத் திறந்தாள். பிறகு, "வஞ்சிரம் கிலோ இன்னா வெல?" என்றாள்.

"ஒன் புருசன மாரியே கேக்குற பாரு," என்றாள் ஸ்டெல்லா.

உள்ளே யார் போவது

திங்கள் காலை ஏழரைக்குச் சீட்டு எடுத்தோம். டோக்கன் இருபத்து மூன்று. பெண் டாக்டர்தான் இருந்தார். ஆண் டாக்டருக்குப் பயந்து ஒன்பது மாதம். இருந்ததோ பெண் டாக்டர். கதவருகே நான் எழுந்தேன். பிலோ தலையசைத்தாள், வேண்டாமென்று. ஸ்டெல்லா உள்ளே போனாள். அன்றைய ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கையில் இன்னும் செதில் ஒட்டியிருந்தது.

நான் வெளியே உட்கார்ந்தேன். மணி பார்க்கவில்லை. வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

படம் எடுத்தார்கள். ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். முடிவு வந்த நாளில் டாக்டர் என்னையும் கூப்பிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கட்டி பெரியது, அக்குளில் நெறி இருக்கிறது, முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டுப் பிறகு ஆபரேஷன், ஒரு பக்கம் முழுதாக எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

"ஒம்போது மாசம் முன்னாடி வந்திருந்தா?" என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவர் பிலோவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "நெல்லிக்கா அளவுல வந்திருந்தா, கட்டிய மட்டும் எடுத்துட்டு மார்பைக் காப்பாத்தப் பார்த்திருப்போம். பரவாயில்லம்மா. இப்பவாவது வந்தீங்க. கல்யாணம் முடிஞ்சு வந்திருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன்."

அன்று ஆட்டோவில் வரும்போது பிலோ என்னிடம் பேசினாள். பன்னிரண்டாம் நாள். "ஆட்டோ குலுக்குது. கம்பியப் புடிச்சிக்கோ" என்றாள். அவ்வளவுதான்.

தடை சொல்ல வந்தவர்கள்

இரண்டாவது ஓலையும் மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். முதல் ஊசி ஏறிய ஐந்தாம் நாள் கல்யாணம். மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டு வந்து முதல் வரிசையில் நின்றாள் பிலோ.

எல்லோரும் ஸ்டெல்லா ஆகிவிடவில்லை. ஸ்டெல்லாவின் அண்ணன், மூன்றாவது ஓலைக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து, காப்பியைத் தொடாமல், பெண்ணுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டால் நல்லது என்றார். ஜெனி என்னை முந்திக்கொண்டாள். "எடுக்கத்தான் போறேன் மாமா, டாக்டரே சொல்லிக்கீறாங்க. அப்டியே உங்க வூட்ல மூணு தலமுறையா சுகராமே, மாப்பிள்ளைக்கும் ஒண்ணு எடுத்துர்லாமா?" அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

பிலோ தைத்த ஜாக்கெட்டைப் போடத் தயங்கியவர்கள் உண்டு. பாதியில் துணியைத் திருப்பி வாங்கிப்போனவர்கள் நான்கு பேர். பெயர்கள் என் நோட்டில் இருக்கின்றன, இங்கே போடவில்லை.

ஆபரேஷன் மார்கழியில் முடிந்தது. இடது கை தூக்க வரவில்லை. சுவரில் விரலால் நடந்து மேலே ஏறச் சொன்னார்கள். தினமும் எட்டிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போட்டேன். நாற்பத்தொரு கோடு. நாற்பத்திரண்டாம் நாள் அவள் காலண்டர் ஆணியைத் தொட்டாள். வெள்ளையடிக்க வருகிறவர்களிடம் அந்தச் சுவரைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜாக்கெட்டுக்குள் வைக்க அவளே ஒரு பை தைத்தாள். பஞ்சு அடைத்தாள், அது மேலே ஏறிக்கொண்டது. கேழ்வரகு அடைத்தாள், கனம் சரியாக வந்தது. தராசில் நிறுத்தேன், முன்னூற்று இருபது கிராம். இரண்டு மாதம் போட்டாள். பங்குனி வெயில் வந்ததும் கழற்றி மிஷின் மேல் வைத்தாள். "வேர்க்குது. பாக்கறவன் பாத்துக்கட்டும்." அதைப் பிரித்து கேழ்வரகைக் காக்கைக்குப் போட்டேன். கூட்டைக் கலைத்ததற்குப் பிராயச்சித்தம்.

அந்த மாதம் எங்கள் தெரு அன்பியத்தில், அதாவது வீடு வீடாகக் கூடி ஜெபிக்கிற கூட்டத்தில், ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "நோயில் வாடும் நம் சகோதரி ஒருவருக்காக" என்று ஆரம்பித்தார்.

பிலோ எழுந்து நின்றாள். தலையில் முடி அப்போதுதான் பையன் கிராப் அளவுக்கு வந்திருந்தது. "சகோதரிக்குப் பேரு கீது. பிலோமினா. நோய்க்கும் பேரு கீது. மார்ல புத்துநோயி. இடது மாரு. எடுத்துட்டாங்க. ஆண்டவருக்கு அட்ரசு சரியா சொல்லுங்க, வேற வூட்டுக்குப் போயிடப் போறாரு."

பதினேழு பேர் இருந்தோம். முதலில் சிரித்தவள் ஸ்டெல்லா. அந்தச் சத்தத்தில் கடைசித் தெரு நாய் குரைத்தது.

நோட்டில் ஒரு புதிய கட்டம்

இப்போதும் முன்னறையில் திரை தொங்குகிறது. நான் வெளியே, அவள் உள்ளே. "தோள் பதினஞ்சு. கை எட்டு. மாரு முப்பத்தெட்டு." ஆம், தமிழில்.

அதற்குப் பிறகு ஒரு கேள்வி வரும். "தடவிப் பாத்துக்கிறியாடி மாசா மாசம்? இன்னாது, வெக்கமா? குடு கைய, சொல்லித் தரேன்." நான் நோட்டில் கடைசியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். சொல்லிக் கொடுத்தவர்களுக்கு ஒரு டிக். இன்று வரை ஐம்பத்து மூன்று டிக். அதில் மூன்று பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். இருவருக்கு ஒன்றுமில்லை. மூன்றாமவளுக்கு இருந்தது, நெல்லிக்காய்கூட இல்லை, கொத்துக்கடலை அளவு. அவள் புருஷன் வந்து என்னிடம், "உங்க வூட்டம்மா எதுக்கு எம் பொண்டாட்டிகிட்ட இதெல்லாம் பேசுது?" என்று சண்டைக்கு நின்றான். நின்றவனை நாற்காலியில் உட்கார வைத்து, என் அக்காவின் சளிக் கதையைச் சொன்னேன். மறுநாள் அவனே ஆட்டோ கொண்டுவந்தான்.

மெடிக்கல் புத்தகம் இப்போது மிஷினுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. கடைசிப் பக்கத்தை நான் கிழித்துவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. அடுத்தது வருகிற மாதம். என்ன சொல்வார்கள் என்று தெரியாது. அதற்குப் பயந்து நாங்கள் குரலைத் தாழ்த்தப்போவதில்லை.

இனி கணக்கு. நான் டாலி கிளார்க், முடிக்காமல் எழுந்து போக மாட்டேன். படம், ஊசி, மருந்து, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் அந்தப் புத்தகம் போதுமாக இருந்தது. ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆட்டோவுக்குக் கொடுத்தவள் ஜெனி. மீனுக்குப் பணம் வாங்க ஸ்டெல்லா மறுத்துவிட்டாள். தாமதத்துக்கு விலையாகப் பிலோ கொடுத்தது ஒரு மார்பு. என் பங்குக்கு, நான் ஒன்பது மாதம் கூச்சல் போட்டு, என் பெண்டாட்டி வாயைத் திறக்க வந்தபோதெல்லாம் மூட வைத்த நஷ்டம் இவ்வளவு: கைக்குட்டை ஏழு, ஒன்று முப்பது வீதம், இருநூற்றுப் பத்து ரூபாய்.